காத்திருக்காத குழந்தையின் நியாயம்

மேசையில் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விடுகிறார். பொறுத்திருந்த குழந்தை பிற்காலத்தில் முன்னுக்கு வந்தது, பொறுக்காதது பின்தங்கியது. தன்னம்பிக்கை மேடைகளில் அலுக்காமல் சொல்லப்படும் கதை இது. கேட்ட பெற்றோர், அடம்பிடிக்கும் நாலு வயதுப் பிள்ளையின் தலையெழுத்தை அன்றே எழுதி முடித்துவிடுகிறார்கள். ஏழைகளின் வறுமைக்கு அவர்களுடைய அவசரப் புத்தியே காரணம் என்று வாதிடவும் இதே கதை உதவுகிறது. அந்த வாதம் பொய். ஏழைகளுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

சோதனையை நடத்தியவர் வால்டர் மிஷல். இடம், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தின் பிங் நர்சரி பள்ளி. காலம், 1960களின் பிற்பகுதி. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். பின்னாளில் கல்லூரி நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடக் கிடைத்தவர்கள் 100 பேர்கூட இல்லை. மிஷலே கண்டறிந்த இன்னொன்றை மேடைகள் சொல்வதில்லை: மிட்டாயைக் கண்ணில் படாமல் மூடி வைத்தாலோ, அதை மேகமாக நினைத்துக்கொள்ளச் சொன்னாலோ குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள். சூழ்நிலையைச் சற்று மாற்றியதும் மாறிவிடுகிற ஒன்றை எப்படிப் பிறவிக் குணம் என்பது?

2018இல் டைலர் வாட்ஸும் சகாக்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். காத்திருப்புக்கும் 15 வயதில் பெற்ற தேர்ச்சிக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் முன்பு சொல்லப்பட்டதில் பாதியளவே. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயதுத் திறன்கள் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது.

என்னை உலுக்கியது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் நடத்திய ஆய்வு. வீடற்றோர் காப்பகத்தில் தொண்டு செய்தபோது, எதுவும் நிலையில்லாத அந்த இடத்துக் குழந்தைகள் இந்தச் சோதனையில் என்ன செய்வார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். ஆய்வில் 28 குழந்தைகள். வண்ணம் தீட்ட நல்ல பொருள்கள் கொண்டுவருவதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம் "இல்லையாம், மன்னித்துக்கொள்" என்றார்கள். அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள், ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் காத்திருந்தவர்கள் முதல் குழுவின் 14 பேரில் 9 பேர். இரண்டாம் குழுவில் ஒரே ஒருவர். சில நிமிட அனுபவமே இவ்வளவு செய்கிறது என்றால், வருஷக்கணக்கில் ஏமாற்றத்தையே பார்த்து வளர்ந்த குழந்தைக்கு என்ன ஆகும்?

அந்தக் குழந்தை மிட்டாயை உடனே வாயில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். நாளைக்கு என்று வைத்ததை அண்ணன் எடுத்துக்கொள்ளும் வீட்டில், சம்பள நாளன்று வாங்கித் தருவதாகச் சொன்ன அப்பா வெறுங்கையோடு வரும் வீட்டில், கையில் இருப்பதே நிச்சயம். வளர்ந்த பிறகு அதே ஆள் சேமிக்காமல் செலவழித்தால், ஒழுக்கமில்லாதவன் என்கிறோம். அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்ட பெரியவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்தக் கதையை இனி மேடையேற்றுபவர்கள் ராச்செஸ்டர் குழந்தைகளையும் சேர்த்துச் சொல்லட்டும். முன்வரிசையில் இருக்கும் பெற்றோரிடம், பிள்ளைக்குக் கடைசியாகக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கட்டும்.