40 வயதைத் தொட்ட மரியோ.. பழைய கேமுக்கு மறுபடியும் காசு ஏன்?

சிவப்பு தொப்பி, பெரிய மீசை, ஒரே தாவல்! நின்டெண்டோவின் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஜப்பானில் வெளியானது 1985 செப்டம்பர் 13-ல். 1996-ல் 'மரியோ 64' மூலம் 3டி-க்கு மாறியது. பிறகு 'சன்ஷைன்' (2002), 'கேலக்ஸி' (2007), 'ஒடிசி' (2017), 'வொண்டர்' (2023) என வரிசை நீள்கிறது.

சரி, சிக்கல் எங்கே?

புது கேம் மெஷின் வந்தால், பழைய கேசட்டும் டிஸ்க்கும் பல சமயம் அதில் ஓடாது. அதனால் பழைய கேமையே கம்பெனி மறுபடி வெளியிடுகிறது. 35-ம் ஆண்டையொட்டி 2020 செப்டம்பர் 18-ல் 64, சன்ஷைன், கேலக்ஸி மூன்றும் ஸ்விட்ச் மெஷினுக்கு ஒரே தொகுப்பாக வந்தன. ஆனா, 2021 மார்ச் 31-க்குப் பிறகு ஆன்லைன் விற்பனையையே நிறுத்திட்டாங்க.

ஏற்கெனவே வாங்கியவர்கள் திரும்ப டவுன்லோடு செய்யலாம். மற்றவர்களுக்கு கடைகளில் மிச்சமிருந்த ஸ்டாக்கும், செகண்ட் ஹேண்டும்தான் வழி.

அதே கேலக்ஸி, 2025 அக்டோபர் 2-ல் இரண்டாம் பாகத்துடன் மீண்டும் வந்தது. அமெரிக்காவில் விலை 69.99 டாலர். 2020 தொகுப்பை வாங்கியவர்களுக்கு இதில் புதுசா கிடைப்பது முக்கியமாக இரண்டாம் பாகம்தான்.

ஆக, எந்தப் பழைய கேம் எப்போ, எத்தனை நாள் கிடைக்கும்ங்கிற சாவி கம்பெனி கையில்தான் இருக்கு.