பல்லு விளக்க எதுக்குய்யா ஆப்பு?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்கா. ஆணி அதிகம். நமக்கும் பொட்டி தட்டுற பொழப்புதான், ஆனா ஓ.எம்.ஆர். ஏசி ரூம்ல இல்லை. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்ல, கார் உதிரிபாகம் செய்யுற ஒரு கம்பெனியில, லைனுக்குப் பக்கத்துலயே என் பொட்டி. லைன் நின்னா முதல் போன் எனக்குத்தான் வரும்.

இன்னைக்கு வந்ததே திட்டுறதுக்குத்தான். முதல்ல என்னைத் திட்டிக்கிறேன், அப்புறம் உங்களை. கோச்சுக்கப்படாது.

மேட்டர் என்னன்னா, எலக்ட்ரிக் டூத்பிரஷ்.

நம்மாளுங்க நாலஞ்சு பேர் வரிசையா அதுக்கு விமர்சனம் எழுதித் தள்ளிட்டீங்க. நிமிஷத்துக்கு 31,000 அதிர்வாம், புளூடூத்தாம், எந்தப் பல்லை விட்டுட்டோம்னு போன்ல படம் போட்டுக் காட்டுமாம். படிச்சுட்டு நானும் மெய்மறந்துபோய், லைன்ல வேலை பாக்குற ஒரு தம்பிக்கு அதைத்தான் மருந்துச்சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தேன்.

தம்பிக்கு விழுப்புரம் பக்கம். 24 வயசு, டிப்ளமோ, கான்ட்ராக்ட் வேலை. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரே ரூம்ல ஆறு பேர். ஒரு நாள் நைட் ஷிப்ட் டீ பிரேக்ல, "அண்ணே, பல்லு விளக்கினா ரத்தமா வருதுண்ணே"ன்னான். நான் பெரிய டாக்டர் மாதிரி, "நீ முரட்டுத்தனமா தேய்க்கிற. ஒரு எலக்ட்ரிக் பிரஷ் வாங்கு"ன்னு லிங்க் அனுப்பி வச்சேன். பாவம், தவணையில வாங்கினான்.

எட்டு மாசம் கழிச்சு வந்தான். "அண்ணே, கீழ முன்பல்லு ஆடுதுண்ணே."

பல் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். ஈறுக்குக் கீழ காரை கெட்டியா பிடிச்சிருக்கு, பல்லைத் தாங்குற எலும்பு கரைஞ்சிருக்குன்னாங்க. எக்ஸ்ரேயில காட்டினாங்க. "ரத்தம் வந்தப்பவே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது. போன எலும்பு இனி பழையபடி வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்"னாங்க. தம்பி என்னைத் திட்டலை. "நீங்க நல்லதுக்குத்தானேண்ணே சொன்னீங்க"ன்னான். அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

இப்போ உங்க முறை.

ஒருத்தனுக்கு ஈறுல ரத்தம் வருதுன்னா, அவனுக்கு எந்த பிரஷ் நல்லதுங்கிறது ரெண்டாவது கேள்வி. ஈறுல என்ன ஆச்சுங்கிறதுதான் முதல் கேள்வி. நம்ம விமர்சனம் எல்லாம் ரெண்டாவது கேள்வியிலயே ஆரம்பிச்சு அங்கேயே முடிஞ்சுடுது. என் புகார் இவ்வளவுதான்.

1965-ல டென்மார்க்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. லோ-ங்கிறவரும் அவர் கூட்டாளிகளும் செஞ்சது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல்லு விளக்குறதையே நிறுத்தச் சொன்னாங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. மறுபடி விளக்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பத்து நாள்ல பழையபடி ஆயிடுச்சு. மெஷின் கிஷின் எதுவும் கிடையாது. ஆக, பல்லுல படியுற அந்தக் கொழகொழப் படலம்தான் வில்லன். தினமும் அதை வழிச்சு எடுத்தா பெரும்பாலும் ஈறு தானா ஆறிடும்.

ஆனா அந்தப் படலத்தை விட்டு வச்சா எச்சில்ல இருக்கிற கால்சியம் சேர்ந்து காரையா இறுகிடும். இறுகினதுக்கு அப்புறம் அஞ்சு ரூபா பிரஷ்ஷும் ஒண்ணுதான், பதினைஞ்சாயிரம் ரூபா பிரஷ்ஷும் ஒண்ணுதான். பல் டாக்டர் கருவி வச்சு சுரண்டித்தான் எடுக்கணும். தம்பி எட்டு மாசமா காரைக்கு மேல பாலிஷ் போட்டுட்டு இருந்திருக்கான். நான் போடச் சொன்னேன்.

இப்போ இன்னொரு கோஷ்டி "அதான் சொன்னோமே"ன்னு கிளம்பும். எங்க தாத்தா வேப்பங்குச்சிதான், எண்பது வயசுலயும் கரும்பு கடிச்சார்னு. அவங்களுக்கும் இருக்கு கதை.

அதே லோ குழு 1970-ல இருந்து 1985 வரைக்கும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரோட பல்லைத் தொடர்ந்து பார்த்துச்சு. பிரஷ் கிடையாது, பல் வைத்தியம் கிடையாது. சொத்தைப் பல்லும் கிட்டத்தட்ட இல்லை. ஈறு நோயை அதன் போக்குல விட்டா என்ன ஆகும்னு பார்க்கிறதுதான் ஆய்வே. (அப்படிப் பார்த்துட்டே இருந்தது நியாயமான்னு தனியா ஒரு பதிவு போடலாம், அவ்வளவு கோவம் இருக்கு.) முடிவு என்ன தெரியுமா? சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா முத்தி, 45 வயசுல வாயில பல்லே இல்லை. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம், 45 வயசுல சராசரியா 7 பல்லு போச்சு. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோட நின்னுடுச்சு, பல்லு கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு.

உங்க தாத்தா அந்த 11 சதவீதத்துல ஒருத்தரா இருந்திருக்கலாம் சாமி. அவர் அதிர்ஷ்டத்தை வேப்பங்குச்சி கணக்குல எழுதாதீங்க. பொக்கை வாயோட இருந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பத்தி யாரும் பெருமை பேசுறதில்லை, அதனால அவர் கணக்குல வரலை. அவ்வளவுதான்.

அப்போ மெஷின் சுத்த வேஸ்ட்டா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2014-ல கோக்ரேன் குழு 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. மூணு மாசத்துக்கு மேல உபயோகிச்சவங்களுக்கு, சாதா பிரஷ்ஷைவிட எலக்ட்ரிக்ல படலம் 21 சதவீதம் குறைவு, ஈறு அழற்சி 11 சதவீதம் குறைவு. நிஜமான பலன்தான். ஆனா நீண்டகாலத்துல அது பல்லுக்கு எந்த அளவு உதவும்னு தெளிவா இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நீங்க எழுதின மாதிரி "வாழ்க்கையே மாறிடுச்சு" எல்லாம் அதுல இல்லை. :-)

எங்க லைன்ல போல்ட் முடுக்க மின்சாரக் கன் இருக்கு. சரியான டார்க் வந்ததும் தானா நின்னுடும். அதிகமா அழுத்தி முடுக்கி மரையைக் கெடுக்காம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனா துருப்பிடிச்ச போல்ட்டைக் கொடுத்தா கன் என்ன பண்ணும்? அதையும் அழகா, சரியான டார்க்ல முடுக்கும். டூத்பிரஷ்ஷும் அப்படித்தான். அதுல காசு கொடுக்கத் தகுதியானது ரெண்டே ரெண்டு: ரெண்டு நிமிஷ டைமர், அழுத்தினா எச்சரிக்கிற சென்சார். நைட் ஷிப்ட் முடிச்சு தூக்கத்துல தள்ளாடுறவனுக்கு டைமர் நல்லது. வெறிகொண்டு தேய்ச்சு ஈறை இறக்கிக்கிறவனுக்கு சென்சார் நல்லது. கை நடுங்குற பெரியவங்க, பக்கவாதம் வந்தவங்க, பல்லுக்குக் கம்பி போட்டவங்களுக்கும் தாராளமா வாங்கிக் கொடுக்கலாம். மத்த ஆப்பு எல்லாம் நமக்கு நாமே வச்சுக்கிற ஆப்புதான். சாப்ட்வேர் எழுதுறவன் சொல்றேன், நம்புங்க.

வாங்குறதுன்னா இதைப் பாருங்க:

1. மாத்துத் தலை என்ன விலை, ஊர்ல கிடைக்குதான்னு முதல்ல பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தலை மாத்தணும். பிரிண்டரை விட்டு இங்க்ல பிடிக்கிற அதே கதைதான்.

2. நார் மெத்துன்னு இருக்கணும். வட்டமா சுத்துறதா, சும்மா அதிர்றதாங்கிற சண்டை நமக்கு வேண்டாம். ரெண்டுமே வேலை செய்யும்.

3. சாதா பிரஷ் மாதிரி வச்சுத் தேய்க்காதீங்க. பல்லும் ஈறும் சேர்ற இடத்துல சாய்ச்சு வச்சு, பல்லு பல்லா மெதுவா நகர்த்துங்க. வாயை நாலா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் 30 செகண்ட். உள்பக்கத்தை மறக்காதீங்க. கீழ் முன்பல்லுக்குப் பின்னாடிதான் காரை முதல்ல பிடிக்கும்.

4. ஃப்ளோரைடு பேஸ்ட் போடுங்க. துப்பினதும் வாயைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சு அதைக் கழுவி விடாதீங்க. பல்லிடுக்குக்கு நூலோ குட்டி பிரஷ்ஷோ தனியா வேணும், எந்த மெஷினும் அங்கே போகாது.

5. தூங்கப் போறதுக்கு முன்னாடி விளக்கணும். நைட் ஷிப்ட்டா இருந்தா காலையில படுக்குறதுக்கு முன்னாடி. கேண்டீன் டீயும் பன்னும் பல்லுல இருக்க அப்படியே சாயக் கூடாது.

அஞ்சும் படிச்சாச்சா? பூஜ்யமாவது பாயிண்ட்டை இப்போ சொல்றேன். ரத்தம் வருதா, முதல்ல பல் டாக்டர். பல்லு ஆடுதா, வாய் நாறுதா, அப்பவும் பல் டாக்டர். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தா ரத்தம் வராமலேகூட உள்ளே நோய் ஓடும், அவங்களும் போகணும். "கிளீன் பண்ணினா பல்லு ஆடும், இடைவெளி விழும்"னு கிளப்பி விடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இடைவெளி ஈறும் எலும்பும் போனதால ஏற்கனவே வந்தது. காரை அதை சிமெண்ட் மாதிரி அடைச்சு மறைச்சிட்டு இருந்துச்சு, அம்புட்டுதான்.

எங்க ரோட்லயே மெட்ராஸ் பக்கமா போனா வேலப்பன்சாவடியில பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சிட்டிக்குள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. தம்பி பர்ஸ்ல இ.எஸ்.ஐ. கார்டும் இருந்துச்சு. இத்தனையும் இருக்க, நான் அவனுக்கு அனுப்பினது ஒரு ஷாப்பிங் லிங்க்.

அதனால ஒரு கோரிக்கை. அடுத்த டூத்பிரஷ் விமர்சனம் எழுதுறப்போ, ஸ்டார் போடுறதுக்கு முன்னாடி முதல் வரியா "ஈறுல ரத்தம் வந்தா இதை வாங்காதீங்க, டாக்டரைப் பாருங்க"ன்னு போடுங்க. ஒரே ஒரு வரி. உங்க பதிவைப் படிச்சு எவனோ ஒருத்தன் தவணை கட்டப் போறான், மறந்துடாதீங்க.

டிஸ்கி: தம்பிக்கு ரெண்டு தடவை கிளீனிங் முடிஞ்சுது. ரத்தம் நின்னுடுச்சு. அந்தப் பல்லு இன்னும் லேசா ஆடுது, டாக்டர் பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டியிருக்காங்க. பிரஷ்ஷை இன்னும் உபயோகிக்கிறான், இப்போதான் அதுக்கு வேலையே இருக்கு. கடைசி ரெண்டு தவணையை நான் கட்டிட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லலை, அபராதம்.

வர்ட்டா... சைரன் அடிச்சாச்சு. திட்டுறவங்க பின்னூட்டத்துல திட்டுங்க, ஷிப்ட் முடிச்சுட்டு வந்து வாங்கிக்கிறேன்.