சாக்கடை வாய் அடைபட்டால்தான் வேலை முடிஞ்சது!



நாகர்கோவில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் வேலை 2013-ல் தொடங்கியது. அதோடு சேர்ந்ததுதான் வலம்புரிவிளை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பத்து வருஷத்துக்கு மேலே இழுத்த வேலை இது. கேட்கும்போதெல்லாம் ஒரு கணக்கு வரும்: இத்தனை கிலோமீட்டர் குழாய் பதிச்சாச்சு, இத்தனை சதவீதம் கான்கிரீட் முடிஞ்சாச்சு என்று. அந்தக் கணக்கு காண்டிராக்டர் பில் போட ஆகும். கடைவரம்பில் கிடக்கிற நமக்கு ஆகாது. பழையாற்றிலும் கால்வாயிலும் விழுகிற சாக்கடை வாயில் எத்தனை அடைபட்டது? அதைச் சொல்லுங்கள்!

சுத்திகரிப்பு என்பது பெரிய மர்மம் இல்லை. குப்பையை வடிகட்டி, மணலைப் படியவிட்டு, தொட்டியில் காற்றடித்து நுண்ணுயிரை வளர்ப்பார்கள். அது அழுக்கைத் தின்னும். தெளிந்த நீரில் குளோரின் போட்டு வெளியே விடுவார்கள். அந்தக் காற்று ராப்பகலா ஓடணும். கரண்டு நின்று, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லையென்றால் நுண்ணுயிர் செத்துப்போகும். உள்ளே போன சாக்கடை அப்படியே வெளியே வரும். வீட்டு இணைப்பே கொடுக்காவிட்டால் உள்ளேயும் போகாது, பழையபடி ஓடைக்குத்தான் வரும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்கைப் பாருங்கள். நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர். சுத்திகரிக்க நிலையம் இருந்தது 3,184 கோடி லிட்டருக்கு. உண்மையில் சுத்தமானது 2,023 கோடி லிட்டர்தான். கட்டி வைத்ததிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா கிடந்தது!

நொய்யல் விவசாயிகள் பட்டது தெரியுமல்லவா? பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் ஆறு கெட்டது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய் விடாமல் நின்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளோடு அந்த நிலையங்களையும் சேர்த்து மூடச் சொன்னது.

"சாக்கடையில் சத்து இருக்கே, உரச்செலவு மிச்சம்தானே" என்று ஓர் அதிகாரி நம்மிடமே சொன்னார். வயலில் இறங்காதவர் பேச்சு. தழைச்சத்து எப்போ வேணும், எப்போ வேண்டாம் என்று சாக்கடைக்குத் தெரியுமா? கதிர் வருகிற நேரத்திலும் அது பாயும். பயிர் கருகருவென்று தழைக்கும், சாயும், பதராகும். புகையான் ஏறும். களை பறிக்கிற நம் பெண்களுக்குக் காலெல்லாம் சொறி. சுசீந்திரம்–தேரூர் குளங்களுக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது, சந்தோஷம். பறவைக்கு ஆகாத தண்ணி நமக்கு மட்டும் ஆகுமா?

நிலையம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஓட்டுங்கள் என்கிறோம். கன்னிப்பூவுக்கு அணை திறக்கும் முன்னே ஒவ்வொரு சாக்கடை வாயையும் எண்ணி, அடைக்கும் தேதியோடு பட்டியல் போடணும். மாதாமாதம் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைத் தமிழில் எழுதி ஒட்டணும். சுத்தமான நீரில் முதல் உரிமை ஆயக்கட்டுக்கு. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆலைக்காரனுக்கு மட்டுமில்லை, உள்ளாட்சிக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒவ்வொரு மடையிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணியோடு வாருங்கள். எந்த மடை, எந்தத் தேதி என்று பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். மேசையில் வரிசையாக வைப்போம்!