‘வயசான காலத்துல கறி எதுக்கு?’

‘வயசாயிடுச்சு, இனிமே கறி மீனெல்லாம் குறைச்சுக்கணும்.’ இந்த வசனம் கேட்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. மகன் சொல்வார், மருமகள் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். பெரும்பாலும் அந்தப் பெரியவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அறுபதைத் தாண்டியதும் செவ்வாய், வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி எனக் கறி சாப்பிடாத நாட்கள் பெருகிக்கொண்டே போகும். கடைசியில் ஒருநாள் ‘நான் சுத்த சைவத்துக்கு மாறிட்டேன்’ என்று அறிவிப்பார்கள். கேட்பவர்களும் அவர் ஏதோ பட்டம் வாங்கிவிட்டதைப் போல மதிப்பார்கள். ஊரில் மட்டுமல்ல, சேரியிலும் இது நடக்கிறது.

பக்திக்காக விட்டேன் என்று ஒருவர் சொன்னால், அது அவர் விருப்பம். சிக்கல் என்னவென்றால் இது உடல்நல அறிவாகப் புழங்குகிறது. கறி செரிக்காது, சூடு, கொழுப்பு, பிரஷர் ஏறும், மனசு அலைபாயும். வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் ‘முதுமைக்கு ஏற்றது சாத்வீக உணவு’ என்று பேசுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்கிறார்கள்.

உடல் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். வயது ஏற ஏறத் தசை கரையும். அறுபதுக்குப் பிறகு அது வேகமெடுக்கும். தரையில் கையூன்றாமல் எழ முடியாமல் போவது, பஸ் படியில் கால் தூக்கத் திணறுவது, குளியலறையில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, அதன்பின் படுக்கையே கதி என்றாவது எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தத் தசை இழப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இதைத் தள்ளிப்போட இரண்டு வழிகள்தான்: உடலசைவு, புரதம். பெரியவர் ஒருவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. முதியவர்களுக்கு அதற்கும் மேலே, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதுமை உணவியல் வல்லுநர்களின் சர்வதேசக் குழு ஒன்று 2013-லேயே பரிந்துரைத்தது. சாப்பிடும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் வயதான உடலில் குறைந்துவிடுவதுதான் காரணம். வயதானால் குறைக்க வேண்டும் என்று ஊர் எதைச் சொல்கிறதோ, அதைக் கூட்டச் சொல்கிறது அறிவியல்.

ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் குறைந்தது 42 கிராம், சரியாகச் சொன்னால் 50 முதல் 60 கிராம் வேண்டும். மூன்று வேளைக்கும் சேர்த்து 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறார் என்றால் அதில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிராம் வரும். சாம்பாரில் அவர் பங்குக்கு விழும் பருப்பில் நாலைந்து கிராம். இரண்டு டீயில் இருக்கும் பாலில் மூன்று கிராம். மொத்தம் முப்பது. ரேஷனில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு தருகிறார்கள். அதை அவர் ஒருவரே முழுசாகச் சாப்பிட்டாலும் ஒரு நாளைக்கு ஏழு கிராம் புரதம்தான். இந்த நிலையில் இருப்பவரிடம்தான் கறியையும் முட்டையையும் விடச் சொல்கிறோம்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: வைட்டமின் பி12. இது செடிகொடிகளில் கிடையாது. கறி, ஈரல், மீன், முட்டையில் உண்டு. பாலில் கொஞ்சம் உண்டு. வயதானவர்களில் பலருக்கு இரைப்பையில் அமிலச் சுரப்பு குறைவதால், சாப்பிட்டதிலிருந்தும் இதை உறிஞ்ச முடியாமல் போகிறது. சர்க்கரை நோய்க்கு முதல் மாத்திரையாகத் தரப்படும் மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 இன்னும் குறையும். குறைந்தால் கால் மதமதக்கும், நடை தடுமாறும், ஞாபகம் மங்கும். இதை ‘சர்க்கரையோட வேலை’ என்றோ ‘வயசானா அப்படித்தான்’ என்றோ சொல்லித் தள்ளிவிடுவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் மாத்திரை உள்ளே போகிற அதே வீட்டில் ‘கறியை விட்டுடு பாட்டி’ என்ற அறிவுரையும் சேர்ந்து நடந்தால், ஒரு கை பறிப்பதை இன்னொரு கையும் சேர்ந்து பறிக்கிறது.

சரி, வயசானால் புலால் விடவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மனுஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. தலை நரைத்து, தோல் சுருங்கி, பேரப்பிள்ளையைப் பார்த்தபின் காட்டுக்குப் போகிற வானப்பிரஸ்தன் தேனையும் புலாலையும் தவிர்த்து, கிழங்கு, பழம் தின்று வாழவேண்டும் என்கிறது. இந்த நான்கு ஆசிரமங்களும் இருபிறப்பாளருக்கானவை. சூத்திரருக்கு வானப்பிரஸ்தம் கிடையாது. அவருக்கு என்ன உணவு என்பதையும் அதே நூல் பத்தாம் அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறது: மிச்சில். கூடவே பழந்துணி. அவர்ணருக்கு அதுவும் உரிமையாக இல்லை. நமக்கு என்று எழுதப்படாத ஒரு ஓய்வுக்கால ஒழுக்கத்தை, வாழ்நாள் முழுக்க ஓய்வே கிடைக்காத நம் தாத்தா பாட்டிகள் எழுபது வயதில் கடைப்பிடிக்கிறார்கள்.

சாத்வீகம், ராஜசம், தாமசம் என்று உணவைக் குணத்தோடு முடிச்சுப்போட்டது கீதை. இரவு கடந்த உணவு அதில் தாமசப் பட்டியலில் வரும். அப்படிப் பார்த்தால் பழைய சோறு தின்று வயலுக்குப் போன நம் பரம்பரையே தாமசப் பரம்பரைதான். இன்று அதே பழைய சோற்றை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்கிறார்கள், நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் விற்கிறார்கள். கேழ்வரகுக் களிக்கும் இதே கதைதான். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உள்ள தானியம், ஏழையின் அடையாளமாக இருந்தவரை யாருக்கும் அதன் அருமை தெரியவில்லை. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது அது பாக்கெட்டில் ஏறிக்கொண்டது. மாட்டுக்கறிக்கு மட்டும் அப்படி ஒரு பாக்கெட் யோகம் வாய்க்கவில்லை. தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியில் தேடிய அம்பேத்கரின் 1948 நூலைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நம் மொழியையே கவனியுங்கள். மரக்கறி உணவுக்குச் ‘சைவம்’ என்று ஒரு மதத்தின் பெயர். மற்றதெல்லாம் ‘அசைவம்’. 2014 மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் புலால் உண்பவர்கள். அந்த 97 பேரும் தங்கள் சாப்பாட்டை, மூன்று பேரின் சாப்பாடு ‘இல்லாதது’ என்று பெயர் வைத்து அழைக்கிறோம்.

இந்தக் கூச்சம் மருத்துவர் அறைக்குள்ளும் வருகிறது. ‘என்னம்மா சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் நம் பாட்டி ‘சோறு, கொழம்பு’ என்பார். அழுத்திக் கேட்டால் ‘எப்பவாச்சும் கறி’ என்பார். மாட்டுக்கறி என்று சொல்ல மாட்டார். வீட்டுக்குள்ளேயே அதற்குப் ‘பெரிய கறி’ என்று ஒரு மறைபெயர் உண்டு. சுவரொட்டி, குடல், ரத்தப் பொரியல், நத்தை, வயல் நண்டு, உப்புக்கண்டம் எதுவும் அந்த அறையில் வாய் திறந்து சொல்லப்படாது. எதிரே சுவரில் தொங்கும் உணவு அட்டவணையில் ஆப்பிள், ஓட்ஸ், பாதாம், பனீர். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் மாட்டுக்கறி இருக்கிறது, அதன் புரதம், இரும்பு எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கிறது. அரசின் ஆய்வகத்துக்குத் தெரிந்த உணவு, அரசு மருத்துவமனைச் சுவருக்குத் தெரியவில்லை. 2022-இல் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றானதும், அது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது நினைவிருக்கும். திருவிழாவில் கேட்ட கேள்வியை மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை.

புலால் எல்லாம் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. கருவாட்டில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வெந்நீரில் ஊறவைத்து, அலசி, எப்போதாவது சாப்பிடுவதே நல்லது. அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் அதே விதிதான். சிவப்புக் கறியை நாள்தோறும் அள்ளித் தின்பதன் ஆபத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே சொல்லிவிட்டது. சிறுநீரகம் பழுதானவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது தினமும் அரை கிலோ கறி தின்பவரைப் பற்றி அல்ல. மாதம் இரண்டு ஞாயிறு நாலு துண்டு தின்று, அதையும் குற்றவுணர்வோடு விடுகிற மூதாட்டியைப் பற்றி. ஓர் இடைக்குறிப்பு: 94 வயதில், இறப்பதற்கு ஐந்து நாள் முன்புவரை மேடையேறிப் பேசிய பெரியார் சாத்வீக உணவுக்கு மாறியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஒரு மனிதரை வைத்து உணவியல் எழுத முடியாதுதான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

‘முதியோருக்கு ஊட்டச்சத்து விழிப்புணர்வு’ என்று முகாம் நடத்துகிறவர்கள் பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. நாளொன்றுக்கு 40 ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு, எண்பது வயதுக்குக் கீழிருப்பவர்களுக்கு மாதம் 200 ரூபாய். 2007-லிருந்து அது அசையவேயில்லை. இந்த நாற்பது ரூபாயில்தான் வெற்றிலை பாக்கு, பஸ், பேரனுக்கு மிட்டாய் எல்லாம். பாதாமும் பனீரும் அந்தப் பணத்தில் வராது. முட்டை வரும். ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத மாட்டுக்கறி வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் வரும். வாங்க முடிகிற புரதத்தை இழிவென்றும், வாங்க முடியாததை ஆரோக்கியமென்றும் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த விழிப்புணர்வு.

முதுமை வரை வாழ்வதே சாதியைப் பொறுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். 2022-இல் வெளியான ஆய்வொன்று ஒன்பது மாநிலங்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தது. உயர்சாதி இந்துக்களைவிட பழங்குடியினரின் ஆயுள் 4 ஆண்டுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுக்கு மேலும் குறைவாக இருந்தது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. அதற்காக மார் தட்டிக்கொள்ளும் நிலையிலும் நாம் இல்லை.

1982-இல் பள்ளியில் விரிவான சத்துணவு, 1983-இல் ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் அதே மையத்தில் சாப்பாடு என்று யோசித்த மாநிலம் இது. குழந்தைகளுக்கு 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டையானது. அதே முட்டையை ஓய்வூதியம் பெறும் ஒவ்வொரு முதியவருக்கும் தினமும் ஏன் தரக்கூடாது? மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் கையிலேயே வாரத்துக்கு ஏழு முட்டை கொடுத்தனுப்பலாமே? பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டாயமாக்கலாம். சுவரில் தொங்கும் அட்டவணையில் மாட்டுக்கறி, ஈரல், சிறுமீன் என்று பெயர் சொல்லி எழுதலாம். இவை இயக்கங்கள் வைக்க வேண்டிய கோரிக்கைகள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சின்னவை. பல் போனவருக்குக் கறித்துண்டு தண்டனைதான். கொத்துக்கறியாக வாங்கிக் குழைய வேகவையுங்கள், ஈரலை மசித்துக் கொடுங்கள், முட்டையைக் குழம்பில் உடைத்து ஊற்றுங்கள். எலும்பு சூப்பில் பெரிதாகப் புரதம் இல்லை, அதைக் குடித்ததும் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது பாட்டிதான், சட்டியில் மிச்சமிருப்பது குழம்பு மட்டும்தான் என்ற வழக்கம் இருந்தால் வரிசையை மாற்றுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். மெட்ஃபார்மின் இருந்தால் எத்தனை வருஷமாக என்று கேளுங்கள், கால் மதமதப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், பி12 பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். புரட்டாசி முடியட்டும் என்பார். அதுவரை காத்திருக்க வேண்டாம்.