ஒத்தைக் கயிறு

சிங்கவரத்தில் மலை ஏறி, பாறையிலேயே படுத்திருக்கும் ரங்கநாதரைப் பார்த்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு 'குட்டி யானை'. பீரோ, கட்டில், கிரைண்டர், அதற்கு மேல் இரண்டு பையன்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு நைலான் கயிறு. வேகத்தடையில் வண்டி எகிறியது. பீரோ சாய, பெரியவன் காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தினான். சிரிப்பு வேறு!

வண்டியை நிறுத்தச் சொல்லி டிரைவரைக் கேட்டேன். "கயிறு ஸ்ட்ராங்கு சார். கெணத்துல மோட்டார் எறக்குற கயிறு."

பிரச்னை அது இல்லை. கயிறு அறுவதற்கு முன்பே சரக்கு நழுவிவிடும். நைலான் இழுபடும். முடிச்சு விழுந்த இடத்தில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பத்து கிலோமீட்டர் குலுங்கினால் சரக்கு அமுங்கி, கயிறு தொளதொளத்துப் போகும். சடன் பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் பாயும், வளைவில் 50 சதவீதத்தோடு பக்கவாட்டில் பாயும் என்று கணக்கு வைத்துத்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதி எழுதியிருக்கிறார்கள். நூறு கிலோ பீரோவுக்கு எண்பது கிலோ. நம்மிடம் அதற்கு ஒரு பையனுடைய கால்!

அமெரிக்காவில் பிக்கப் வண்டி மேல் ஒரு குட்டி வீட்டையே தூக்கி வைத்துக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றுகிறார்கள். நாலு மூலையிலும் திருகி இறுக்கும் கம்பி. அதைத் தகர பாடியில் மாட்டுவதா, சேசியில் மாட்டுவதா என்று சண்டையே போடுகிறார்கள். மேடு பள்ளத்தில் வண்டி முறுக்கிக்கொள்ளும்போது கொக்கி பிய்ந்துவிடாமல் இருக்க அந்தக் கம்பிக்குள் ஸ்பிரிங் வேறு. பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு அக்கறை. நமக்குப் பிழைப்பே இது, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதோடு சரி.

கட்ட முடியாதா என்ன? ராட்செட் பெல்ட் சில நூறு ரூபாய். கயிறு மாதிரி தொய்யாது, வழியில் நிறுத்தி இன்னும் இரண்டு பல் இறுக்கலாம். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால், வெறும் இரும்புத் தளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிடிப்பு. இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம்.

சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்தின்படி சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சரி, நீட்டாமல் உள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால்? டேப் வைத்து அளக்கிறவர், கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. நம் யோக்கியதை மட்டும் என்ன? வீடு மாற்றும்போது வாடகையில் இருநூறு குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். "பெல்ட் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

பையன்களை என் காரில் ஏற்றிக்கொண்டேன். "பெல்ட் விஷயத்தை ஓனர்ட்ட நீங்களே சொல்லுங்க சார், நாங்க சொன்னா எடுபடாது" என்று டிரைவர் நம்பர் கொடுத்தார். போன் செய்து, "உங்க வண்டியில லோடு சரியா கட்டலை" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் பதறிப்போய்க் கேட்டார்:

"ஐயோ, வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சா?"