எக்ஸி ஃபைல் வானத்திலிருந்து விழுவதில்லை மக்களே!

விருத்தாசலத்தில் ஸ்டூடியோவோ, ஜெராக்ஸ் கடையோ, கம்ப்யூட்டர் சென்டரோ... எங்கே போனாலும் ஸ்கிரீனில் பெரும்பாலும் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று அந்த ஆரஞ்சுக் கூம்பு, அதாவது விஎல்சி பிளேயர். கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, கட்சிக் கூட்டம், எல்லாம் அதில்தான் ஓடும். காசு கேட்காது, விளம்பரம் காட்டாது, எந்த ஃபார்மேட்டைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது.

சரி, அந்த எக்ஸி ஃபைலை யார், எங்கே, எப்படிச் செய்தார்கள்? கேட்டுப் பாருங்கள். "கூகுள்ல தேடினா வரும்" என்பார்கள். பெரிய பிரச்சினையே இந்தப் பதில்தான்.

ஒரு வேடிக்கை தெரியுமா? விண்டோஸில் ஓடும் அந்த விஎல்சி விண்டோஸில் செய்யப்பட்டதே இல்லை. லினக்ஸ் மெஷினில் செய்து விண்டோஸுக்கு அனுப்புகிறார்கள்! இதற்குப் பெயர் கிராஸ் கம்பைலிங்.

கம்பைலர் என்பது மனிதர் எழுதிய மூலநிரலை மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கருவி. சாதாரணமாக அது எந்த மெஷினில் ஓடுகிறதோ அந்த மெஷினுக்கான ஃபைலைத்தான் தரும். கிராஸ் கம்பைலர் அப்படி இல்லை. இங்கே ஓடி, வேறு இடத்தில் ஓடவேண்டிய ஃபைலைத் தரும். விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். செராமிக் தொழிற்பேட்டைச் சூளையில் சுட்ட அகல் விளக்கு, கார்த்திகைக்கு வேறு ஏதோ ஊர் வாசலில் எரிகிறது. அந்த வாசலில் சூளை இருக்கிறதா? தேவையே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் களிமண்ணை வாங்கி, அச்சில் ஊற்றி, சூளையில் சுட்டு, தானே பொருள் செய்யத் தெரிந்த இதே ஊர், மென்பொருள் என்று வந்தால் மட்டும் சுட்ட பொருள் எங்கே கிடைக்கும் என்று கையேந்தி நிற்கிறது. மண் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. சூளையும் வீட்டிலேயே இருக்கிறது. சுடத்தான் ஆளில்லை!

"அதான் டவுன்லோட் கிடைக்குதே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள்.

முதல் சம்பவம், 2020. வீடியோவை மாற்ற, வெட்ட, சுருக்க உலகம் முழுக்கப் பயன்படுவது எஃப்எஃப்எம்பெக். 2000ல் தொடங்கிய திட்டம். விஎல்சிக்குள்ளேயே இதன் கோடெக் நூலகம்தான் வேலை செய்கிறது. இந்தத் திட்டக்காரர்கள் விண்டோஸுக்கு எக்ஸி தருவதில்லை. மூலநிரல் மட்டும்தான் தருவார்கள், எக்ஸி வேண்டுமானால் வேறு ஆட்கள் செய்து வைத்திருக்கும் இடத்துக்குக் கை காட்டுவார்கள். பல வருடங்களாக அந்த இடம் ஜெரானோ என்ற தளம். 2020 செப்டம்பரில் அதை நடத்தியவர் கடையை மூடிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, சம்பளமா கொடுத்தார்கள்? அந்த முகவரியை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ ஸ்கிரிப்ட்டுகள் அன்றோடு நின்றன. வேறு சிலர் அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டதால் உலகம் தப்பித்தது. அவர்களுக்குச் செய்யத் தெரிந்திருந்தது. இங்கே யாருக்காவது தெரியுமா?

இரண்டாவது சம்பவம் இன்னும் பக்கத்தில் நடந்தது. 2022 பிப்ரவரியில் வீடியோலேன் அமைப்பின் தளம் இந்தியாவில் திறக்கவில்லை. தடை! முன்கூட்டி எந்த நோட்டீஸும் வரவில்லை என்றது வீடியோலேன். இன்டர்நெட் ஃபிரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு அக்டோபரில் அரசுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள், நவம்பரில் தடை நீங்கியது. கிட்டத்தட்ட ஒன்பது மாதம்! இந்த ஒன்பது மாதத்தில் விஎல்சி தேவைப்பட்டவர் என்ன செய்திருப்பார்? கூகுளில் வந்த ஏதோ ஒரு தளத்தில் பச்சை நிற டவுன்லோட் பட்டனை அமுக்கியிருப்பார். அதில் கூடவே என்னென்ன வந்ததோ, அந்தக் கொளஞ்சியப்பருக்கே வெளிச்சம்.

இவ்வளவுக்கும் தடை செய்யப்பட்டது தளம்தான். விஎல்சியின் மூலநிரல் 2001லிருந்தே ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கட்டலாம், மூலநிரலையும் சேர்த்துத் தருவதாக இருந்தால் ஊருக்கே கொடுக்கலாம். எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அந்த மூலநிரலை எடுத்து ஒரு எக்ஸி செய்து பென் டிரைவில் போட்டுத் தர ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் இருந்திருந்தால், அந்தத் தடை ஒரு வாரச் செய்தியாகப் போயிருக்கும்.

இனி வழக்கமான சாக்குகளைப் பார்க்கலாம்.

சாக்கு 1: "இதெல்லாம் பெரிய எஞ்சினியர்கள் வேலை."

விஎல்சி எப்படிப் பிறந்தது? 1996ல், பாரிஸில் எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் காம்பஸ் நெட்வொர்க்கில் வீடியோ பார்க்க ஆரம்பித்த ஸ்டூடன்ட் புராஜெக்ட்! அதை எழுதினதே மாணவர்கள்தான். இங்கே எழுதக்கூட வேண்டாம், எழுதி வைத்ததைக் கட்டினால் போதும். அதற்குமா பயம்?

சாக்கு 2: "விண்டோஸுக்கு எதற்குச் செய்யணும்? எல்லாரையும் லினக்ஸுக்கு மாற்று!"

இது கட்டற்ற மென்பொருள் பக்தர்களின் வசனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைவீதியில் டாலி ஓடுகிற வரைக்கும், டாலி விண்டோஸில் ஓடுகிற வரைக்கும், எந்த ஆடிட்டர் ஆபீஸும் விண்டோஸை விடப்போவதில்லை. இது பி.காம் முதல் வருடப் பையனுக்கே தெரியும். 2000களில் தமிழில் தட்டச்சு செய்ய இகலப்பை வந்தபோது, "முதலில் லினக்ஸுக்கு மாறு, அப்புறம் தமிழ் தருகிறோம்" என்றா சொன்னார்கள்? விண்டோஸ் வைத்திருந்தவருக்கு விண்டோஸிலேயே கொடுத்தார்கள். அதனால்தான் அத்தனை பேர் தமிழில் எழுத வந்தார்கள். ஆள் இருக்கும் இடத்துக்குப் பொருள் போக வேண்டும். கிராஸ் கம்பைலிங் அதற்கான வழி.

சாக்கு 3: "காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது எதுக்கு?"

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் 'செய்வதா, வாங்குவதா' என்று ஒரு கணக்கு வரும். வெளியே வாங்கினால் மலிவு என்றுதான் பலமுறை விடை வரும். ஆனால் விடையோடு நிற்கக் கூடாது, சப்ளையர் நாளைக்கு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதே பாடம் சொல்லும். மேலே சொன்ன 2020ம் 2022ம் அந்தக் கேள்விக்கான பதில்தான். வாங்குவது தப்பில்லை. செய்யவே தெரியாமல் வாங்கிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

சாக்கு 4: "உள்ளூர்ப் பையன் செய்த எக்ஸியை எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. 2022 ஏப்ரலில் சைமன்டெக் ஒரு அறிக்கை விட்டது. சிகாடா என்ற ஹேக்கர் கூட்டம் அசல் விஎல்சியோடு தன் கெட்ட ஃபைலைச் சேர்த்து ஓட விட்ட கதை அது. ஆக அசல் பெயர் மட்டும் பாதுகாப்பு தராது. எந்த மூலநிரல், எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளைகள் என்று எழுதி வைத்து, ஃபைலின் ஹாஷ் எண்ணையும் வெளியிட்டால், சந்தேகப்படுகிறவர் தானே கட்டிப் பார்க்கலாம். பெயர் தெரியாத பச்சைப் பட்டனில் இந்த வசதி கிடைக்குமா?

சூளை வீட்டிலேயே இருக்கிறது என்று மேலே சொன்னது சும்மா இல்லை. 2011ல் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் மூலம் வந்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸ் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதாவது விண்டோஸுக்கு எக்ஸி செய்யத் தேவையான மெஷினை அரசே பையில் வைத்துக் கொடுத்தது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? இடம் அடைக்குது என்று பாஸை அழித்துவிட்டுப் படம் ஏற்றினார்கள். :(

மாணவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 2019ல் வந்த பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தைப் புரட்டுங்கள். அடோபி பேஜ்மேக்கர் ஒரு முழுப் பாடம்! அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001ல். பேஜ்மேக்கரில் பாடம் நடத்திய அதே புத்தகத்தில் ஓப்பன் சோர்ஸ் பற்றியும் ஒரு பாடம் உண்டு. ஆனால் அது ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கத்தான். அந்த மூலநிரலை எடுத்து ஒருமுறை கட்டிப் பார் என்று சொல்லும் லேப் பயிற்சி எங்கே? நீச்சல் பற்றிக் கட்டுரை எழுத வைத்துவிட்டு மணிமுத்தாற்றில் இறக்கிவிட்ட கதைதான்.

அப்படி என்ன கஷ்டம் இதில்? டெபியனோ உபுண்டுவோ இருந்தால் மிங்டபிள்யூ-டபிள்யூ64 என்ற கம்பைலர் தொகுப்பை ஒரே கட்டளையில் நிறுவலாம். எஃப்எஃப்எம்பெக் மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இலக்கு விண்டோஸ். பிராசசர் 64 பிட். கம்பைலர் பெயருக்கு முன்னால் இந்த முன்னொட்டு. நாஸ்ம் என்ற அசெம்பிளர் இல்லாவிட்டால் அங்கேயே முரண்டு பிடிக்கும், அதையும் நிறுவிவிட்டு 'மேக்' கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் எக்ஸி கையில்.

ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எக்ஸ்264 மாதிரி வெளி நூலகங்களைச் சேர்க்கப் போனால்தான் உண்மையான வேலை தொடங்கும். லினக்ஸில் ஏற்கனவே இருக்கும் நூலகம் உதவாது, ஒவ்வொன்றையும் விண்டோஸுக்காகத் தனியாகக் கட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஸ்கிரிப்ட் லினக்ஸ் நூலகத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் லிங்க் ஆகாது. எல்லாம் முடிந்து விண்டோஸில் கிளிக் செய்தால் ஏதோ ஒரு டிஎல்எல் காணவில்லை என்று பெட்டி காட்டும், அந்த நூலகத்தை எக்ஸிக்குள்ளேயே சேர்த்துக் கட்ட வேண்டும். ஒயின் மூலம் லினக்ஸிலேயே சோதித்தாலும் நிஜ விண்டோஸில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்தத் தலைவலிக்காகவே ஜிஸ்ட்ரீமர் என்ற மல்டிமீடியா ஃபிரேம்வொர்க்குக்கு செர்பெரோ என்று தனிக் கருவியே இருக்கிறது. ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்து, வரிசையாகக் கட்டிக்கொண்டே போகும், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கும் கட்டும். ஒருமுறை செய்து மறந்துவிடவும் முடியாது. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் திரும்பக் கட்ட வேண்டும்.

அதனால்தான் இது தனி ஆள் வேலை இல்லை, ஊர் வேலை. ஜெரானோ மூடியதும் அதனால்தான் இவ்வளவு பேருக்கு வலித்தது, ஒருவர் தலையில் உலகமே உட்கார்ந்திருந்தது.

விருத்தாசலத்தில் அரசுக் கலைக்கல்லூரி இருக்கிறது. செராமிக் டெக்னாலஜிக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே படிக்கும் யாரும் கடையில் பீங்கான் கோப்பை வாங்கி வந்து "நான் செய்தேன்" என்று மார்க் கேட்க முடியாது. மண்ணைக் கலக்கி, அச்சு எடுத்து, சூளையில் வைத்து, வெடித்தால் திரும்பச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் லேபுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லேபில் ஒரு பழைய மெஷின், அதில் லினக்ஸ். ஆர்வமுள்ள நாலு பேர். செமஸ்டருக்கு ஒருமுறை எஃப்எஃப்எம்பெக்கும் விஎல்சியும் விண்டோஸுக்குக் கட்டி, மூலநிரலோடும் ஹாஷ் எண்ணோடும் ஊர்க் கடைகளுக்குப் பென் டிரைவில் கொடுக்க வேண்டும். முதல் எக்ஸி ஓடாது. இரண்டாவதும் ஓடாது. பரவாயில்லை, சூளையில் முதல் ஈடு முழுசாக வந்ததாக யாரும் சொன்னதில்லை.

அடுத்த தடை எப்போது வரும், அடுத்த ஜெரானோ எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் "கூகுள்ல தேடினா வரும்" என்றுதான் சொல்லப் போகிறீர்களா? கமெண்ட்டில் திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் மக்களே! :)