முடித்துவிட்டு வருபவர்களுக்குக் கடன் போதாது

1990 ஆகஸ்டில் ஈராக் ராணுவம் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்கள் 1,70,000-க்கும் மேற்பட்டோரை அம்மான் வழியாக விமானங்களில் ஏற்றி ஊர் சேர்த்தார்கள். 2020 மே மாதம் கொரோனா முடக்கத்துக்கு நடுவே ‘வந்தே பாரத்’ விமானங்கள் அதே வேலையைச் செய்தன. வெளிநாட்டில் உழைத்தவர்கள் ஊர் திரும்புவது என்றாலே நம் அரசுகளின் நினைவுக்கு வருவது இப்படிப்பட்ட ஆபத்துக் காலங்கள்தாம். போரும் கொள்ளைநோயும் இல்லாத நாட்களிலும் சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் விசாவை ரத்து செய்துவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்து இறங்குபவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பேச்சில் அவர்கள் ‘முடிச்சிட்டு வந்தவங்க’. அவர்களை வரவேற்க முகாமும் இல்லை, எண்ணிக்கை எடுக்க ஆளும் இல்லை. இவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஓய்வூதியம். சுயதொழில் கடன் அதற்குப் பிறகுதான் வர வேண்டும் என்பது என் வாதம். அந்த ஓய்வூதியத்துக்கான பணமும் அவர்கள் விமானம் ஏறிய நாளிலிருந்தே சேரத் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறவர் அங்கேயே குடியுரிமை பெற்று முதுமையையும் அங்கேயே கழிக்கலாம். வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த வழி கிடையாது. இருபத்தைந்து ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை இல்லை. வேலை இருக்கும்வரைதான் விசா, விசா இருக்கும்வரைதான் தங்கும் உரிமை. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளியின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே அவர் திரும்பி வருவது அவர் போகும்போதே தீர்மானமாகிவிடுகிறது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தினர் 2015இல் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 லட்சம் பேர் இந்த மாநிலத்திலிருந்து வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தன. நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுப் பணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருவதாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. ராமநாதபுரத்திலும் தஞ்சைக் கடலோரத்திலும் பெரம்பலூர் பக்கத்திலும் உள்ள எத்தனையோ தெருக்களில் காரை வீடுகளைக் கட்டியதும் கடைகளை நடத்துவதும் இந்தப் பணம்தான். அனுப்பியவர் ஐம்பது வயதில் ஊர் வந்த மாதத்தோடு அந்த வரவு நின்றுபோகிறது.

அவர் கையோடு கொண்டுவருவது என்ன? அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். ஊரில் இதைச் ‘சர்வீஸ் பணம்’ என்பார்கள். இது அடிப்படைச் சம்பளத்தின்மீது மட்டும் கணக்கிடப்படுவது. ஓவர்டைமும் சாப்பாட்டுப் படியும் இதில் சேராது. அடிப்படைச் சம்பளம் 1,000 திர்ஹம் பெற்ற ஒரு தொழிலாளி பத்து ஆண்டு வேலை செய்தால் அவருக்கு வருவது 255 நாள் சம்பளம், அதாவது 8,500 திர்ஹம். நம் பணத்தில் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். பத்தாண்டு உழைப்புக்குச் சட்டம் உறுதி செய்யும் இந்தத் தொகை ஒரு அறுவை சிகிச்சைக்கோ ஒரு மகளின் திருமணச் செலவில் பாதிக்கோகூடக் காணாது. நிறுவனம் திவாலானால், அல்லது தொழிலாளி அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால், அதுவும் கைக்கு வராமல் போகிறது. கொரோனா காலத்தில் சம்பள பாக்கியையும் சர்வீஸ் பணத்தையும் விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் ஏராளம். ஊர் வந்தபின் அந்த நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த அவர்களால் முடியவில்லை. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. ஒர்க் பெர்மிட்காரருக்கு அதில் இடமில்லை.

இங்கே திரும்பியதும் காத்திருக்கும் கதவுகளும் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர வயது வரம்பு 18 முதல் 40 வரை. நாற்பத்தெட்டு வயதில் திரும்புபவர் அதில் சேர முடியாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தகுதியானவர்தான் என்று அதிகாரியிடம் நிரூபிப்பது, நேற்றுவரை வெளிநாட்டுச் சம்பளத்தில் வாழ்ந்த, காரை வீடு வைத்திருக்கும் ஒருவருக்கு எளிதாக இருப்பதில்லை. உள்ளூர் ஆலையில் இருபது ஆண்டு வேலை பார்த்தவருக்கு வருங்கால வைப்பு நிதியும், சிறிய அளவிலாவது மாத ஓய்வூதியமும் இருக்கும். அதே இருபது ஆண்டுகளைச் சவூதியின் தம்மாம் வெயிலில் சாரம் கட்டிக் கழித்தவரின் பெயரில் எந்தக் கணக்கும் இல்லை.

இந்த நிலையில் அரசுகள் நீட்டுவது கடன். கொரோனாவால் வேலை இழந்து திரும்பியவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்ததும் மானியத்துடன் கூடிய தொழில் கடன்தான். வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கான கேரள அரசின் நோர்கா துறை, திரும்பியவர்களின் தொழில் முயற்சிக்கு 30 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 15 சதவீத முதலீட்டு மானியம் தருகிறது. இவற்றைக் குறைசொல்ல மாட்டேன். முப்பத்தைந்து வயதில் திரும்பும் ஏ.சி. மெக்கானிக்குக்கும், சமையல் கலையில் தேர்ந்து ஊரில் உணவகம் வைக்க நினைப்பவருக்கும் இவை பயன்படும். ஆனால் திரும்புகிறவர்களில் பெரும் பகுதியினர் இருபது ஆண்டுகளாக இன்னொருவர் சொன்ன வேலையைச் செய்து பழகியவர்கள். கொத்தனார், ஓட்டுநர், துப்புரவாளர், வீட்டுவேலை செய்த பெண். ஊர்ச் சந்தையின் போக்கு அவர்களுக்குப் பிடிபடாமல் போயிருக்கும், உடலும் களைத்திருக்கும். அவர்களைக் கூப்பிட்டு மளிகைக் கடை வை, கோழிப் பண்ணை போடு என்று கடன் கொடுப்பது, மிச்சமிருக்கும் கொஞ்சம் சேமிப்பையும் பணயம் வைக்கச் சொல்வதாகும். தொழில் நொடித்தால் கடன் அவர் தலையில் விழும். திட்டத்தின் கணக்கேட்டிலோ அவர் பயனாளி என்றே இருப்பார். அரசு ஊழியர் ஓய்வுபெறும்போது தொழிலதிபராகுங்கள் என்று நாம் சொல்வதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் கூலித் தொழிலாளியிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இதற்கு மாறாக என்ன செய்ய முடியும் என்பதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென் கொரியா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளுடன் இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் செய்திருக்கிறது. அங்கே போகும் மென்பொருள் பொறியாளர் இரண்டு நாட்டிலும் சந்தா கட்ட வேண்டியதில்லை; அவர் கட்டிய ஆண்டுகளும் வீணாவதில்லை. வளைகுடா நாடுகளுடன் இப்படி ஓர் ஒப்பந்தம்கூட இல்லை. வெளிநாட்டவரைச் சேர்க்கும் ஓய்வூதிய முறையே அங்கே இல்லாதபோது எதை வைத்து ஒப்பந்தம் செய்வது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது முழு விடையாகாது. குவைத் குடிமகன் ஒருவர் துபாயில் வேலை பார்த்தால் அவருடைய ஓய்வூதியச் சந்தா குவைத்தின் நிதிக்குப் போய்ச் சேரும் ஏற்பாட்டை வளைகுடா ஒத்துழைப்பு மன்ற நாடுகள் தங்களுக்குள் பல ஆண்டுகளாக நடத்திவருகின்றன. வேலை செய்யும் நாட்டில் சந்தாவைப் பிடித்து, சொந்த நாட்டின் நிதிக்கு அனுப்பும் வழிமுறை அந்த மண்ணிலேயே இயங்குகிறது. அதை இந்தியத் தொழிலாளிக்கும் திறக்கச் சொல்லி எத்தனை உச்சி மாநாடுகளில் நாம் வற்புறுத்தியிருக்கிறோம்? எண்ணெய், முதலீடு, பாதுகாப்பு என்று நீளும் பேச்சுவார்த்தையில் இந்தக் கோரிக்கையும் நிலையான ஓர் இடத்தைப் பெற வேண்டும்.

இப்படிப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை முன்பே செய்து பார்த்தாயிற்று, தோற்றுப்போனது என்பார்கள். உண்மைதான். மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்ற பெயரில் 2012இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஓய்வூதியச் சேமிப்பு, திரும்பி வந்து குடியமர்வதற்கான சேமிப்பு, ஆயுள் காப்பீடு மூன்றும் அதில் இருந்தன. சேர்ந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் 2017இல் மூடிவிட்டார்கள். ஆனால் அது எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாத, குடியகல்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்காரர்களுக்கு மட்டுமே அது; பத்தாவது முடித்துவிட்டு அதே சாரத்தில் அதே சம்பளத்துக்கு நின்றவருக்கு அதில் இடமில்லை. விருப்பம் உள்ளவர் சேரலாம் என்று விட்டார்கள். அரசின் பங்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் அளவில் இருந்தது, பெண்களுக்குச் சற்றுக் கூடுதல். ஏஜென்ட் கடனை அடைக்கவே முதல் ஓராண்டுச் சம்பளம் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், இவ்வளவு சிறிய ஊக்கத்துக்காக வரிசையில் நிற்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. அந்தத் தோல்வி அமைப்பின் தோல்வி. அதே காலத்தில் கட்டாயமாக எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா விபத்துக் காப்பீடு தொடர்ந்து நடந்தது. குடியகல்வு அனுமதியோடு அது பிணைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

பிலிப்பைன்ஸ் இதில் நமக்கு முன்னே போகிறது. 2018ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் வெளிநாட்டில் வேலை செய்யும் தன் குடிமக்கள் எல்லோரையும் சமூகப் பாதுகாப்பு நிதியில் கட்டாயம் சேர்த்தது. 2021இல் புலம்பெயர் தொழிலாளருக்கென்றே தனி அமைச்சகம் அமைத்தது. ஆனால் அங்கே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020இல் மருத்துவக் காப்பீட்டுச் சந்தா உயர்த்தப்பட்டபோது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதிபர் பின்வாங்கி, அந்தச் சந்தாவை விருப்பத்துக்கு விட்டார். கட்டுகிற பணத்துக்கு ஈடான பலன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கட்டாயம் நிலைக்காது என்பதை அந்தக் கொந்தளிப்பு காட்டியது. பக்கத்திலுள்ள கேரளம் 2008இல் சட்டம் இயற்றி வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கு நலவாரியம் அமைத்தது. மாதம் சில நூறு ரூபாய் சந்தா, குறைந்தது ஐந்து ஆண்டு கட்டினால் அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம். தொகை சிறியது, வாழ்க்கைக்குப் போதாது. ஆனாலும் திரும்பி வந்தவர் 60 வயது வரை அதில் சேரலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலச் சட்டம் 2011இலேயே இயற்றப்பட்டது. வாரியம் அமைந்ததோ பத்தாண்டுக்குப் பிறகு. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த வாரியத்தின் மையப் பணியாகப் பங்களிப்பு ஓய்வூதியம் வர வேண்டும்.

வரி கட்டாமல் சம்பாதித்தவர்களுக்கு வரி கட்டியவர்களின் பணத்தைக் கொடுப்பதா என்ற கேள்வி இன்னொரு பக்கத்திலிருந்து வரும். வருமான வரி அவர்கள் கட்டவில்லை. அவர்களுடைய சம்பளம் இங்கே உள்ள வரி வரம்பை எட்டியதும் அரிது. ஆனால் அவர்கள் அனுப்பிய பணம் சிமென்ட்டாக, நகையாக, பள்ளிக் கட்டணமாக, மாதச் சாமானாகச் செலவானபோது ஒவ்வொரு படியிலும் மறைமுக வரி அரசுக்குப் போயிருக்கிறது. நாட்டின் அந்நியச் செலாவணிக்கு அவர்கள் செய்த உதவி தனி. நான் கேட்பதும் இலவசமல்ல. தொழிலாளி தன் பங்கைக் கட்டட்டும், மாநிலமும் மத்திய அரசும் பொருட்படுத்தத்தக்க அளவில் தங்கள் பங்கைச் சேர்க்கட்டும். வீடு கட்டியும் நகை வாங்கியும் செலவழித்துவிட்டுப் பிறகு அரசிடம் வரலாமா என்று கேட்பவர்கள், அந்தச் செலவின் பட்டியலைப் பார்க்க வேண்டும். தங்கையின் கல்யாணம், தம்பியின் படிப்பு, தந்தையின் மருத்துவம், ஒழுகாத ஒரு கூரை. முறையான சேமிப்பு வழி எதுவும் தன் முன் இல்லாத ஒருவர், ஊர் அறிந்த ஒரே சேமிப்பு வடிவங்களான மண்ணிலும் பொன்னிலும் போட்டார்.

மேலும் வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. முதலாளியிடமும் பங்கு கேட்டால் அவர் இந்தியரை விட்டுவிட்டு வங்கதேசத்தவரையும் நேபாளத்தவரையும் எடுப்பார் என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது. கூலி பேசுவதில் நாடுகள் ஒன்றையொன்று கீழே தள்ளிக்கொள்வது பல காலமாக நடப்பது. அதனால்தான் தொடக்கத்தில் தொழிலாளி, அரசு என்ற இரண்டு பங்குகளோடு இறங்க வேண்டும் என்கிறேன். முதலாளியின் பங்கைப் புதிய சுமையாகக் கேட்க வேண்டியதும் இல்லை. கடைசியில் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணிக்கொடையை மாதாமாதம் ஒரு நிதியில் செலுத்தினால் போதும். அமீரகமே 2023இல் பணிக்கொடைக்கு மாற்றாக விருப்பச் சேமிப்புத் திட்டம் ஒன்றை அனுமதித்திருக்கிறது. அந்த நிதியில் இருக்கும் பணத்தை, நிறுவனம் மூடினாலும் தொழிலாளி இரவோடு இரவாகக் கிளம்ப நேர்ந்தாலும், யாரும் பறிக்க முடியாது. அனுப்பும் நாடுகள் சேர்ந்து இதைக் கேட்டால் ஆள் மாற்றிக்கொள்ளும் மிரட்டலின் வலுவும் குறையும்.

1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம், பெயருக்கேற்ப, போவதை ஒழுங்குபடுத்தும் சட்டம். அதற்குப் பதிலாக 2019இலும் 2021இலும் மசோதா வரைவுகள் வெளிவந்தன. வரப்போகும் சட்டத்தில் குடியகல்வு அனுமதி பெறும் அன்றே ஓய்வூதியக் கணக்கு எண்ணும் வழங்கப்பட வேண்டும் என்ற பிரிவு இருக்க வேண்டும். பத்தாவது தேறியவர், தேறாதவர் என்ற பாகுபாடு இல்லாமல், குறிப்பிட்ட சம்பளத்துக்குக் கீழே போகும் எல்லோருக்கும் அது பொருந்த வேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் பல நாடுகளில் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் என்பதால், அவர்களின் கணக்கில் அரசின் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 2015இன் ஆய்வை வைத்துக்கொண்டு இன்னும் பேச முடியாது. மாவட்டம்தோறும் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், என்ன வயது, என்ன நோய், என்ன வருமானம் என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தால்தான் வாரியம் எவ்வளவு நிதி ஒதுக்க வேண்டும் என்பது தெரியும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் அந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கிவிடலாம்.